கலங்காத காற்று

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், நகரோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்த பின்னர் ஊரின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் ஏரி இருக்கிறது. மேற்கே மலை இருக்கிறது. ஊர்ப் பெயரின் பிறப்பை ஆராய நாம் இங்கே புகவில்லை. ஆனால் அதன் இறுதியில் நிற்கும் ‘கால்’ என்னும் சொல் நம் சிந்தையைத் தூண்டுகிறது. தமிழில் கால் என்பது உடலுறுப்பு; நான்கில் ஒரு பங்கு; நீர் செல்லும் வழி. இவற்றோடு காற்றுக்கும் அதுவே ஒரு பெயர். ஒரு காலை மற்றொரு காலின் வழியே, அதாவது காற்றை ஒரு குழாயின் வழியே, கலங்காமல் விரைவாகச் செலுத்துவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டியவர் நம் அடுத்த வீட்டு இளைஞர். பொறியியல் பயிலும் அவர், தம் படிப்பின் செய்முறைப் பணிக்காக ஒட்டுப்பலகையால் நீண்ட பெட்டி ஒன்று செய்தார். அதன் ஒரு முனையில் மின்விசிறியைப் பொருத்தி, உள்ளே ஊதுவத்திப் புகையைச் செலுத்தினார். புகை கோடு கோடாக ஓடி, மரத்தில் செதுக்கிய சிறு இறக்கையின் மேலும் கீழும் வளைந்து செல்வதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். புகையோ உள்ளே நுழைந்ததும் சிதறிக் கலைந்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டினார், இன்னும் கலைந்தது. இறுதியில், ஆற்றல் மிக்க மோட்டார் ஒன்று வாங்கப் பணம் வேண்டுமென்று தந்தையிடம் கேட்டார். சிறு கடை வைத்துப் பிழைக்கும் அத்தந்தை நம்மிடம் வந்து, “பாய், நீங்கள் நாலும் படிக்கிறவர். பையன் கேட்கிற மோட்டாரை வாங்கிக் கொடுத்தால் காரியம் ஆகிவிடுமா?” என்று வினவினார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. விடையைத் தேடிப் புகுந்தபோது, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு விரிந்தது. அதில் நம் நாட்டவரின் பங்கும் உண்டு. நம் இல்லங்களில் நாளும் பேசப்படும் ஒரு பெருமகனின் வாழ்வும் அதனோடு பிணைந்திருக்கிறது.

நிறக்கோடு உரைத்த உண்மை

ஏரி மதகின் வழியே நீர் மெல்ல வழியும்போது கண்ணாடிபோல் தெளிந்து ஓடுகிறது. மதகை மேலும் உயர்த்தினால் அதே நீர் சுழித்துக் கொந்தளிக்கிறது. இதனைக் காணாத உழவர் இல்லை. ஆனால் தெளிந்த ஓட்டம் எந்த இடத்தில் கலங்கிய ஓட்டமாக மாறுகிறது என்பதனை அளந்து கூறியவர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பேராசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஆவார். ஆண்டு 1883.

அவர் நீர் நிறைந்த பெரிய தொட்டி ஒன்றினுள் கண்ணாடிக் குழாயைக் கிடத்தினார். குழாயின் வாயை எக்காளத்தின் வாய்போல் விரிந்ததாக அமைத்தார். அவ்வாயின் நடுவே சாயநீரை மெல்லிய இழையாக விட்டார். நீர் மெதுவாகச் சென்றபோது அச்சாயம் குழாயின் கடைசி வரையில் ஒரே நேர்கோடாக ஓடிற்று. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் அக்கோடு துடித்துச் சிதறிக் குழாய் முழுவதும் பரவிற்று. முன்னதை நம் பாடநூல்கள் வரிச்சீர் ஓட்டம் என்றும், பின்னதைச் சுழற்சி ஓட்டம் என்றும் வழங்குகின்றன.

வேகம் மட்டுமே இம்மாற்றத்துக்குக் காரணமன்று என்று ரெனால்ட்ஸ் கண்டார். வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, பாய்பொருளின் பாகுத்தன்மைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கிறது. இன்று அது ரெனால்ட்ஸ் எண் எனப்படுகிறது. இவ்வெண் ஏறக்குறைய 2,000க்குக் கீழே இருக்கும் வரையில் ஓட்டத்தை எவ்வளவு குலைத்தாலும் அது மீண்டும் சீராகிவிடும். அதற்கு மேலே சென்றால் கலக்கம் எப்பொழுதும் காத்திருக்கும்.

இதனை நம் இளைஞரின் பெட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் காற்றுச் செல்வதாகக் கொள்வோம். எண் 2,000ஐ எட்டுவதற்கு நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகமே போதும். அது நாம் நடப்பதினும் மெதுவானது. அவ்வாறாயின், மேசை விசிறியின் காற்றே அவ்வெல்லையைப் பன்மடங்கு கடந்துவிடுகிறது. ஆற்றல் மிக்க மோட்டாரை வாங்கினால் கலக்கம் பெருகுமே அன்றிக் குறையாது.

அமைதி காத்தவர்களின் எண்கள்

ஆயினும் வரலாறு இத்துடன் முடியவில்லை. 2,000 என்பது கீழெல்லை. மேலெல்லை எது? ரெனால்ட்ஸ் தொட்டி நீரைப் பல மணி நேரம் அசையாமல் நிற்கவிட்ட பின்னரே சோதனையைத் தொடங்கினார். விரிந்த வாயின் வழியே நீர் அதிர்ச்சியின்றி நுழைந்தது. இவ்வாறு பொறுமையுடன் செய்தபோது, எண் சுமார் 13,000 வரையிலும் சாயக்கோடு குலையாமல் ஓடிற்று. பின்னர் சுவீடன் நாட்டறிஞர் எக்மன் அதே கருவியைக் கொண்டு, இன்னும் மிகுந்த கவனத்துடன் சோதித்து, 1910ஐ ஒட்டி 40,000ஐத் தாண்டினார். 1961இல் பெனிங்கர் என்னும் அறிஞர் ஒரு குழாய் ஓட்டத்தை 1,00,000 வரையிலும் வரிச்சீராகவே வைத்திருந்ததாக அறிவித்தார். நாம் மேலே சொன்ன 10 சென்டிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பாகும்.

2,000 எங்கே, 1,00,000 எங்கே! இவ்வளவு வேறுபாட்டுக்கும் காரணம், உள்ளே நுழையும் ஓட்டம் முன்னரே அமைதி பெற்றிருந்ததுதான். வழவழப்பான சுவர், அதிராத தளம், வாயில் திடீர்த் திருப்பம் இல்லாமை, உள்ளே வரும் பாய்பொருளில் சுழல் இல்லாமை ஆகிய இவை அனைத்தும் கூடினால் ஓட்டம் எவ்வளவு வேகத்தையும் ஓரளவு தாங்குகிறது. ஒன்று குறைந்தாலும் குலைகிறது. மான்செஸ்டரில் பிற்காலத்தில் ரெனால்ட்ஸின் கருவியைக் கொண்டே சோதித்தவர்களால் அவர் கண்ட 13,000ஐ எட்ட முடியாமற் போயிற்று. தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்ச்சியே காரணம் என்பர். குதிரை வண்டிக் காலத்து அமைதி அக்கருவிக்கு மீண்டும் கிட்டவில்லை.

துருத்தியும் சுரங்கமும்

காற்றைக் குறுகிய வழியில் செலுத்தி வேகம் பெறுவது பழமையான கலை. ஈரானின் கிழக்கெல்லையில் உள்ள சிஸ்தான் நிலப்பகுதி ஓயாத காற்றுக்குப் பெயர் பெற்றது. அங்கே காற்றாலைகள் சுழன்றதைப் பத்தாம் நூற்றாண்டில் மஸ்ஊதீயும் இஸ்தக்ரீயும் எழுதி வைத்தனர். 1327இல் மறைந்த திமிஷ்கீ அவற்றின் அமைப்பையும் விளக்கியிருக்கிறார். ஆலையின் சுவரில் உள்ள துளைகள் வெளியே அகன்றும் உள்ளே குறுகியும் இருந்தன. பொற்கொல்லரின் துருத்தியிலிருந்து வருவதுபோல் காற்று விசையோடு உட்புகுந்து ஆலையைச் சுழற்றிற்று. ஆனால் மாவரைப்பதற்கு வேகம் ஒன்றே போதும். காற்றில் சுழல் கலந்திருந்தாலும் கோதுமை அரைபடத்தான் செய்யும். கலங்காத வேகம் மனிதனுக்குத் தேவைப்பட்டது அவன் பறக்க விரும்பிய பிறகே.

பறக்கும் பொருளைத் தரையில் நிறுத்திவிட்டுக் காற்றை அதன் மேல் ஓடச் செய்வது காற்றுச் சுரங்கம் எனப்படும். 1871இல் இங்கிலாந்தில் வென்ஹாம் என்பவர் முதன்முதலாக இதனை அமைத்தார். நீராவிப் பொறியால் சுழலும் விசிறி ஒன்று பெட்டியின் முன்முனையில் நின்று காற்றை உள்ளே தள்ளிற்று. காற்று நிலையின்றி அலைந்தது. நம் இளைஞர் செய்த அதே பிழை! 1901இல் அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் தாம் செய்த மரப்பெட்டியில் இரு நூறு வகை இறக்கைகளைச் சோதித்தனர். பெட்டியைச் செய்ததைவிட, அதற்குள் காற்றை நேராக ஓடச் செய்வதற்கே அவர்கள் மிகுதியும் பாடுபட்டனர். அச்சிறு பெட்டி தந்த அளவைகளே 1903இல் அவர்களைப் பறக்கச் செய்தன.

இரண்டு அளவைகளின் வழக்கு

காற்றின் கலக்கம் எத்துணைப் பெரிய குழப்பத்தை விளைவிக்கும் என்பதற்கு 1912இல் நடந்த ஒரு வழக்கு சான்றாகும். பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய அதே ஈஃபெல் தம் முதுமையில் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டில் மற்றொரு சுரங்கத்தை நடத்தி வந்தார். இருவர் சுரங்கத்திலும் ஒரு சாதாரண உருண்டையைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தனர். ஈஃபெல் கண்டதைவிடக் கோட்டிங்கனில் கண்ட அளவு இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. இவர் பிழை செய்தார் என்று அவர்களும், அவர்கள் பிழை செய்தனர் என்று இவர்களும் கருத இடமேற்பட்டது.

1914இல் பிராண்டில் புதிரை அவிழ்த்தார். உருண்டையை ஒட்டிப் படலம்போல் ஓடும் மெல்லிய காற்றடுக்கே யாவற்றுக்கும் காரணம். எல்லைப் படலம் எனப்படும் அதனை அவர் 1904இலேயே உலகுக்கு அறிவித்திருந்தார். அப்படலம் வரிச்சீராக இருந்தால் உருண்டையைவிட்டு விரைவில் பிரிந்து, பின்னால் பெரிய வெற்றிடச் சுழலை உண்டாக்கும்; தடை மிகும். படலம் கலங்கியிருந்தால் உருண்டையை மேலும் தழுவிச் சென்று தடையைக் குறைக்கும். இதனை மெய்ப்பிக்க அவர் உருண்டையின் மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டினார். படலம் கலங்கிற்று, தடை குறைந்தது. இருவர் அளவையும் உண்மையே. வேகமும், காற்றோடு வந்த கலக்கமும் வேறுபட்டிருந்தன, அவ்வளவே. அதன் பிறகு, ஒரு சுரங்கத்தின் காற்று எவ்வளவு அமைதியானது என்பதை அறிய உருண்டையையே அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

அமைதிப்படுத்தும் முறை

விமானச் சுரங்கங்களில் ரெனால்ட்ஸ் எண் பல இலட்சங்களை எட்டும். அங்கே சுவரை ஒட்டிய காற்றைக் கலங்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் நடவாத காரியம். எனவே பொறியாளர்கள் வேறு இலக்கை வைத்துக் கொண்டனர். சுவரோரக் கலக்கம் மெல்லிய படலமாகச் சுவரோடு நிற்கட்டும். நடுவே ஓடும் காற்று தெளிந்திருக்கட்டும் என்பதே அது. அதற்கான வழியும் படிப்படியாக உருவாயிற்று.

முதலாவதாக, காற்றை அகன்ற அறை ஒன்றுக்குள் மெதுவாக வரவிடுவர். அங்கே தேன்கூடு போன்ற நீண்ட சிறு துளைகளின் வழியே அது செல்லும்போது பக்கவாட்டுச் சுழல்கள் நேராகின்றன. அடுத்து, நுண்ணிய கம்பி வலைகள் சிலவற்றை இடைவெளி விட்டுக் குறுக்கே கட்டுவர். வேகம் மிகுந்த இடத்தில் வலை மிகுதியாகத் தடுக்கும். குறைந்த இடத்தில் குறைவாகத் தடுக்கும். ஆகவே வேக வேறுபாடுகள் சமனாகின்றன. வலையின் பரப்பில் ஏறத்தாழ 57 விழுக்காட்டுக்குக் குறையாமல் திறப்பு இருக்க வேண்டும். நெருக்கம் மிகுந்தால் துளைகளினின்று வரும் காற்றிழைகள் ஒன்றோடொன்று இணைந்து புதிய குழப்பத்தை விளைவிக்கும். இதன் பின்னரே அறை மெல்லக் குறுகி, காற்று வேகம் பெறுகிறது. அறையின் குறுக்குப் பரப்பு 9இல் ஒரு பங்காகக் குறுகினால் வேகம் 9 மடங்காகும். அறையில் 10 விழுக்காடாக இருந்த வேக வேறுபாடு, குறுகிய பகுதியில் 81இல் ஒரு பங்காகி, ஏறத்தாழ 0.12 விழுக்காடாகச் சுருங்கிவிடும். திமிஷ்கீ கண்ட துளையின் தத்துவமே இது. ஆனால் முன்னால் ஓர் அமைதி அறை சேர்ந்திருக்கிறது. விசிறியோ இவை யாவற்றுக்கும் அப்பால், கடைசி முனையில் நின்று காற்றை இழுக்கும்.

இம்முறையின் பயனை அமெரிக்காவின் தேசிய அளவைக் கழகத்தில் ஷுபாவரும் ஸ்க்ராம்ஸ்டாடும் உலகுக்குக் காட்டினர். வரிச்சீர் ஓட்டம் குலையுமுன் அதில் நுண்ணிய அலைகள் தோன்றும் என்று டோல்மீன் 1929இலும், ஷ்லிக்டிங் 1933இலும் கணக்கிட்டுக் கூறியிருந்தனர். எவரும் அவ்வலைகளைக் கண்டதில்லை. ஆதலால் நம்பியவரும் சிலரே. டிரைடனின் வழிகாட்டலில் வலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக் காற்றின் கலக்கத்தை வேகத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்குக் குறைத்தபோது அவ்வலைகள் தாமாகவே வெளிப்பட்டன! போர்க்காலமாதலின் 1943இல் மறைவாக எழுதப்பட்ட அவ்வறிக்கை, போர் முடிந்த பின்னரே யாவருக்கும் கிட்டிற்று. அலைகள் எப்பொழுதும் இருந்தன; இரைச்சல் மிகுந்த சுரங்கங்களில் அவை கேட்கப்படவில்லை.

பெங்களூரின் சிறு அறைகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1942இல் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. அதன் தொடக்க காலத்தில் பணிபுரிந்த வி. எம். காட்டகே, கோட்டிங்கனில் பிராண்டிலிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். 1950களின் முற்பகுதியில் அங்கே தலைமை வகித்த டீட்யென்ஸும் பிராண்டிலின் மாணவரே. கோட்டிங்கனின் மரபு இவ்வாறு நேரே நம் தென்னாட்டுக்கு வந்து சேர்ந்தது. 14 அடிக்கு 9 அடி வாயுடைய பெரிய திறந்த காற்றுச் சுரங்கமும் அக்கழகத்தில் எழுந்தது.

1951இல் அங்கே வந்து சேர்ந்தவர் சதீஷ் தவான். காற்று ஒரு பரப்பை உரசும் விசையை நேரடியாக அளப்பதில் அமெரிக்காவில் ஆராய்ந்து தேர்ந்தவர். ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்றை ஓட்டும் சுரங்கத்தை இந்தியாவில் முதன்முதலாக அமைத்தவர் அவரே. அதன் சோதனைப் பகுதி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே இருந்தது. பெரிய நாடுகள் பெரும் பொருட்செலவில் பெரிய சுரங்கங்களை எழுப்பிக் கொண்டிருந்த காலம் அது. நாமோ விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன ஏழை நாடு. எனினும் சிறிய கருவியைக் கொண்டும் பெரிய கேள்வியைக் கேட்கலாம் என்பதைத் தவானும் அவர் மாணவர்களும் மெய்ப்பித்தனர்.

அம்மாணவர்களுள் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. வரிச்சீர் ஓட்டம் சுழற்சி ஓட்டமாக மாறும் இடைப்பகுதியை அவ்விருவரும் ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. பின்னர் பெங்களூர் அறிஞர்கள் இக்கேள்வியைத் தலைகீழாகவும் கேட்டனர். ஒருமுறை கலங்கிய ஓட்டம் மீண்டும் தெளியுமா? குறுகும் வழியில் காற்றை மிக விரைவாக முடுக்கினால், சுவரோரத்துக் கலங்கிய படலம் மீண்டும் வரிச்சீர் நிலைக்குத் திரும்புவதைக் கண்டனர். பத்ரி நாராயணனும் ராம்ஜியும் 1969இலும், நரசிம்மாவும் சீனிவாசனும் 1973இலும் இது பற்றி எழுதினர். பின்னிருவரும் 1979இல் அதுவரையிலான ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு பெருங்கட்டுரையும் படைத்தனர். கலக்கத்தை விளைவிக்கும் வேகமே, ஏற்ற இடத்தில் ஏற்ற வகையில் கூட்டப்பட்டால், கலக்கத்தைத் தணிக்கவும் செய்கிறது. இயற்கையின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

சுரங்கத்திலிருந்து விண்வெளிக்கு

1959இல் தேசிய வானூர்தி ஆய்வகம் நிறுவப்பட்டது. நீலகண்டன் அதன் முதல் இயக்குநர். 4 அடிச் சதுரமுள்ள சோதனைப் பகுதியைக் கொண்ட அதன் பெரிய சுரங்கம் 1967இல் இயங்கத் தொடங்கிற்று. ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கு மடங்கு வரையிலும் அதில் காற்றை ஓட்ட முடியும். பெருங்கலன்களில் அழுத்தி அடைத்து வைத்த உலர்ந்த காற்றைச் சில நொடிகளுக்குத் திறந்துவிடுவர். அந்தச் சில நொடிகளுக்குள் எல்லா அளவைகளும் எடுக்கப்பட வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால், வேகம் மிகுந்து குளிரும்போது அது பனித்துளியாகி ஓட்டத்தைக் கெடுத்துவிடும். நம் நாட்டின் ஏவுகலங்களும் போர் விமானங்களும் சிறு உருவங்களாக முதலிற் பறந்தது இச்சுரங்கத்தின் காற்றில்தான்.

அவற்றுள் ஒன்று எஸ்.எல்.வி-3. அதன் திட்ட இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். அவர் சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்திப் பொறியியல் பயிலச் சேர்ந்தபோது ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. குடும்பத்தில் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். பின்னர் பெங்களூரில் பணியாற்றிய கலாம் அங்கே செய்தது, காற்றை அடியிற் செலுத்தி அதன் மெத்தைமேல் மிதந்து செல்லும் ‘நந்தி’ என்னும் ஊர்தி. அவருடைய தொழில் வாழ்வின் தொடக்க ஆண்டுகள் காற்றை வழிப்படுத்தும் கலையோடு பிணைந்திருந்தன எனலாம்.

1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி-3 வானிலேறிச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் அமைப்பில் அமிலம் கசிந்ததே காரணம். அப்போது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்தவர், உள்ளங்கையளவுச் சுரங்கத்தை முன்னர் அமைத்த அதே தவான். அவர் தாமே பத்திரிகையாளர் முன் அமர்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்றைக்குப் பேசுமாறு கலாமை முன்னிறுத்தித் தாம் விலகி நின்றார். இவ்விருவர் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டன. கம்பி வலைகளைக் கட்டிச் சுவர்களைத் தேய்த்துக் காற்றைத் தெளிய வைத்தவர்கள் பெரும்பாலும் பெயர் அறியப்படாமலே போயினர்.

இப்பணி இன்னும் முடியவில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் மற்றோர் இடர் உண்டு. சுவரோரப் படலம் கலங்கினால் அதன் இரைச்சலே ஒலியலைகளாக நடுக்காற்றைத் தாக்குகிறது என்று லாஃபர் 1961இல் காட்டினார். அங்கே வலைகளால் பயன் இல்லை. சுவரோரப் படலத்தையே வரிச்சீராக வைத்தாக வேண்டும். அதற்காகக் குழலின் உட்சுவரைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, குறுகலான இடத்துக்கு முன்னரே பழைய படலத்தைப் பிளவின் வழியே வெளியேற்றுகின்றனர். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒலியைப் போல் 6 மடங்கு வேகமுள்ள அமைதிச் சுரங்கம் ஒன்று இம்முறையில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்கே ஒரு தூசி ஒட்டினாலும் சோதனை கெடும்.

மீண்டும் வேங்கிக்கால்

நரசிம்மாவைப் பற்றி இன்னொரு செய்தியையும் கூற வேண்டும். 1985இல் அவர் ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் ஏவுகணைகளை ஆராய்ந்து ஓர் ஆய்வறிக்கை எழுதினார். மைசூர்ப் படையின் சிறப்பு, வெடிமருந்தை இரும்புக் குழலில் அடைத்ததே என்பது அதிற் புலனாகும். இரும்பு மிக்க அழுத்தத்தைத் தாங்கிற்று. ஆகவே குழலின் துளை வழியே வாயு மிகுந்த வேகத்துடன் வெளிப்பட்டது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் அவற்றின் வலிமையை ஆங்கிலேயர் கண்டனர். அதற்கு 13 ஆண்டுகள் முன்னதாக, 1767 செப்டம்பரில், ஹைதர் அலீயும் நிஜாமும் ஆங்கிலத் தளபதி ஸ்மித்தின் படையோடு செங்கத்திலும், பின்னர் இத்திருவண்ணாமலையிலும் பொருதனர். நாம் இன்று அமைதியாக வாழும் இவ்வெளிகள் அப்படைகளின் புழுதியைக் கண்டவை. குழலில் விரையும் வாயுவைப் பற்றிய சிந்தனை இம்மண்ணுக்குப் புதியதன்று.

அன்று கேட்ட தந்தைக்கு நாம் இவ்வாறு விடை கூறினோம்: “மோட்டார் வேண்டாம் பாய். பையனை இங்கே அனுப்புங்கள்.” இளைஞர் வந்தார். இருவரும் அமர்ந்து பெட்டியைத் திருப்பினோம். விசிறி கடைசி முனைக்குச் சென்று காற்றை வெளியே இழுத்தது. முன்வாயில் கூரிய விளிம்புகள் நீங்கி, வளைத்த அட்டையால் அகன்ற வாய் அமைந்தது. இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சு குழல்களை நூற்றுக்கணக்கில் அடுக்கித் தேன்கூடு செய்தோம். அவர் தாயார் பழைய கொசுவலையிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, சட்டத்தில் இழுத்துத் தைத்துக் கொடுத்தார். விசிறியைக் குறைந்த வேகத்திலேயே வைத்தோம்.

முதல் நாள் புகை பாதி வழி வரையில் நேராக ஓடிப் பிறகு கலைந்தது. வலையில் ஒரு மடிப்பு இருந்தது. அம்மையார் அதனைப் பிரித்து மீண்டும் தைத்தார். மறுநாள் மாலை, அறையின் கதவுகளைச் சாத்தி, எவரும் நடமாடாமல் சிறிது நேரம் காத்திருந்து ஊதுவத்தியை ஏற்றினோம். புகை ஒற்றை இழையாக நுழைந்து, மர இறக்கையின் மேலேறி வளைந்து, அதன் வால் வரையிலும் கலையாமல் சென்றது. தந்தையார் கடையை மூடிவிட்டு வந்து நெடுநேரம் அதனையே பார்த்துக் கொண்டிருந்தார்.

நம் பிள்ளைகள் விரைந்து முன்னேற வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. அந்த ஆசையில் நாம் பெரும்பாலும் ஆற்றல் மிக்க மோட்டாரையே தேடுகிறோம், கடன்பட்டும் வாங்குகிறோம். ஜொஹரா அம்மையார் அடகு வைத்த வளையல்கள் தம் தம்பிக்கு வாங்கித் தந்தது, கவலையின்றி அமர்ந்து கற்கும் சில ஆண்டுகள். தவான் தம் மாணவர்களுக்கு அளித்ததும் அதுவே. வேகம் பின்னர் வந்தது. நம் வீடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அத்தகைய அமைதியான அறை ஒன்றை நாம் அமைத்துக் கொடுத்திருக்கிறோமா என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.